வைக்காமல் விட்ட எலுமிச்சம்பழங்கள்

"டயருக்குப் பொறந்த நாள் உண்டுங்களா மாமா?" என்று யூனிஸ் என்னைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது இருக்கும்.

அவளுடைய அப்பா பிராங்ளின் சார் தம்முடைய பழைய காருக்குப் பஞ்சர் ஒட்ட வந்திருந்தார். இத்தனை வருஷத் தொழிலில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "உண்டு கண்ணு" என்று சொல்லி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் நான்கு எண்கள். முதல் இரண்டும் எந்த வாரம் என்று சொல்லும், அடுத்த இரண்டும் எந்த வருஷம் என்று சொல்லும். அவள் விரலால் தடவிப் பார்த்து, "அப்ப இது எனக்குத் தம்பி" என்றாள். அதன்பிறகு கடைக்கு வரும்போதெல்லாம், வாசலில் நிற்கும் வண்டி ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, இது அண்ணன், இது தங்கச்சி, இது தாத்தா என்று சொல்லிக்கொண்டே போவாள்.

நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும் ஐயா. ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் சரியாகப் புரியும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டம் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். எந்தப் பக்கத்தை வெளியே வைப்பது என்பது மாட்டுகிறவன் இஷ்டம். நான் எப்போதும் பிறந்த நாள் வெளியே தெரியும்படிதான் மாட்டுவேன். வாங்குகிறவருக்கு வயதை மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை.

என் பெயர் சங்கிலி. குன்னூரில் மேட்டுப்பாளையம் சாலையில், பேருந்து நிலையத்துக்குச் சற்றுக் கீழே என் கடை. காற்றடிக்கும் இயந்திரம் ஒன்று, டயர் கழற்றும் இயந்திரம் ஒன்று, சுவரில் மாரியம்மன் படம். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வதில்லை. நான் கடவுளுக்குப் பயந்தவன். என் கடையில் டயர் மாற்றுகிற எந்த வண்டிக்கும், ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டி, "தாயே, போற உசுரு பத்திரமாத் திரும்பி வரணும்" என்று வேண்டிக்கொண்டுதான் வண்டியை நகர்த்தச் சொல்வேன். பழம் என் செலவு. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்த்ததில்லை. கறிக்கடை சுபுஹான் பாய்கூட, "ஸ்டெப்னிக்கும் ஒண்ணு வைங்க சங்கிலி, அதுதான் எனக்கு அதிகமா ஓடுது" என்று கிண்டல் செய்வாரே தவிர வேண்டாம் என்று சொன்னதில்லை. பழம் நசுங்குகிற சத்தம் யூனிஸுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் கை தட்டுவாள்.

மனிதனுக்கு மனிதன் செய்கிற சின்ன உதவிகளால்தான் இந்த உலகம் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். எங்கள் பக்கம் எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிற பையன்களுக்குப் புது டயர் வாங்க வசதி கிடையாது. ஓட்டல் வண்டிகளிலிருந்து கழற்றிப் போட்ட டயர்களை நான் வாங்கி வைத்திருப்பேன். மேலே இருக்கிற வரியை நாங்கள் பட்டன் என்று சொல்வோம். பட்டன் தேய்ந்து மொழுக்கென்று ஆன டயரில், சூடான கத்தியால் மறுபடி வரி வெட்டி, கறுப்புப் பாலிஷ் அடித்தால் புதிது மாதிரி இருக்கும். அதை அவர்களுக்கு ஏறக்குறைய சும்மாவே கொடுத்துவிடுவேன். சட்டம் அதை ஒப்புக்கொள்ளாது. சட்டத்துக்கு வயிறு கிடையாது. கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டுக்கொள்கிறவனை யாரும் திட்டுவதில்லை. இதுவும் அப்படித்தான். அந்தப் பையன்கள் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

சுஜித்தும் அப்படித்தான் கூப்பிட்டான். கொழுந்து பறிக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிறவன். போன மழைக்காலத்தில் ஒரு வளைவில் அவன் ஜீப் வழுக்கித் தேயிலைச் சரிவில் உருண்டது. அவனும் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணும் இறந்துபோனார்கள். மழை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் மழை என்றுதான் சொன்னேன். அவன் மேல் போர்த்திய கோடித்துணி நான் வாங்கியது. அவன் மனைவி உமாராணிக்கு இரண்டு குழந்தைகள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குத் தினமும் ஒரு பால் பாக்கெட் என் பெயரில் போகிறது. வழியில் என்னைப் பார்த்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்புவாள். "நீங்க நல்லா இருக்கோணும் அண்ணா" என்பாள். அந்தக் கூப்பிய கைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. அந்தக் கைகளுக்காகத்தான் எல்லாம்.

பிராங்ளின் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பொருள்களைச் சரிபார்க்கிற வேலை. எதையும் இரண்டு முறை பார்ப்பார். மாலை நேரங்களில், தம் வீட்டு முற்றத்தில், வருஷக்கணக்காக ஒரு இழுவை வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு சின்ன வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அவர் மனைவி லோயிஸ் நீலத் திரை தைத்துப் போட்டிருந்தார். யூனிஸ் அதற்குக் குட்டி ஊடு என்று பெயர் வைத்தாள். அதை இழுப்பதற்காகவே பழைய பிக்கப் வண்டி ஒன்றையும் வாங்கினார். யூனிஸ் கடலைப் பார்த்ததில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் கன்னியாகுமரி வரை குட்டி ஊட்டை இழுத்துக்கொண்டு போவதாகத் திட்டம்.

பரீட்சைக்குச் சில வாரம் முன்னால் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள்.

"ஏனுங்க சங்கிலி, இப்ப இருக்கறது ஆளு ஏத்திட்டுப் போற டயருங்க. குட்டி ஊட்டைக் கட்டி இழுத்தா பின்னாடி யாரோ வாலைப் புடிச்சு ஆட்டற மாதிரி இருக்குது" என்றார் பிராங்ளின் சார்.

"பக்கவாட்டு மெல்லிசு சார். சும்மா ஓட்ட சொகமா இருக்கும். இழுக்கறதுக்கு ஆகாது. உள்ள பிளை, அதான் நூல் அடுக்கு, அதிகமா இருக்கற லோடு டயர் போட்டாத்தான் ஆட்டம் நிக்கும். எடை எவ்வளவு வருதுங்க?"

அதற்காகவே காத்திருந்தவர் போல் அவர் விவரமாகச் சொன்னார். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏற்றி, ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் எடை மேடையில் நிறுத்தி எடை பார்த்திருந்தார்.

"அம்மிக்கல் ஒண்ணுதான் ஏத்தல அண்ணா" என்றார் லோயிஸ். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இவரு இவ்வளவு யோசிக்கல. காபியக் குடிச்சாரு, சரின்னு போட்டாரு."

"அப்ப எடை மேடை இல்லியே லோயிஸ்."

"இப்ப ஏறுனா மேடை ஒடஞ்சுபோகும்னு நெனப்புங்களா?" என்று லோயிஸ் அவர் தோளில் ஒன்று வைத்தார். யூனிஸ் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று நான் அவருக்குச் சொன்னது அத்தனையும் நல்ல ஆலோசனை. இழுவை வண்டியின் பாரம் கொக்கியில் அழுந்துவதால் பின்சக்கரங்கள்தான் அதிகம் சுமக்கும் என்றேன். பெரிய பட்டன் வைத்த முரட்டு டயர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நம் ஊர் ஈர ரோட்டில் பிடிப்புக் குறைவு என்றேன். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று போடக் கூடாது, நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றேன். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்றை அளக்க வேண்டும், பாரம் இழுக்கிறபோது காற்றுக் குறைந்தால் டயர் உள்ளுக்குள் வேகும் என்றேன். இவை எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை மறைக்க மாட்டேன். கோயம்புத்தூரிலிருந்து நான்கு நல்ல டயர்களுக்குச் சொல்லி அனுப்பினோம்.

அப்போதுதான் அவர் மூலையில் கிடந்த ஒரு டயரைப் பார்த்தார். காலையில்தான் அதில் வரி வெட்டியிருந்தேன். பக்கத்தில் போய்க் குனிந்து, வரியின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு நிமிர்ந்து, "லோயிஸ், யூனிஸுக்கு வர்க்கி வாங்கிக் குடேன்" என்று இருவரையும் எதிரே இருந்த பேக்கரிக்கு அனுப்பினார்.

"இது உங்க கைங்களா சங்கிலி?"

"ஆமாங்க சார்."

"வண்டிக்குப் பின்விளக்கு தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தேனுங்க. சுஜித்து ஜீப்பு அங்க கெடக்குது. அதுலயும் இதே வெட்டு. ஓரத்துல ஒரு சுழி விடறீங்க பாருங்க, அதே சுழி. கத்தி ரப்பரைத் தாண்டி உள்ள இருக்கற நூல் வரைக்கும் எறங்கியிருந்துச்சு."

"அன்னைக்கு மழைங்க சார்."

"மழை எல்லா வண்டி மேலயும்தானுங்க பேஞ்சுது."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. சத்தம் போடுகிறவர்களை நான் சமாளிப்பேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்லீங்க. நீங்களே உமாராணிகிட்டச் சொல்லிப்போடுங்க. தனியாப் போகப் பயமா இருந்தா நான் கூட வாறேன். நாங்க கடலைப் பாத்துட்டுத் திரும்பி வந்ததும் ரெண்டு பேரும் சேந்தே போலாமுங்க. அதுவரைக்கும் இந்தக் கத்தியைத் தொடாதீங்க, அது போதும்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "மனுசனை நம்புனாத்தான் மனுசன் திருந்துவானுங்க. எனக்கு மாட்டப் போற டயரக்கூட நான் திருப்பிப் பாக்க மாட்டேன். உங்க கையில விட்டுட்டேன்."

யூனிஸ் ஒரு வர்க்கியை எனக்காகத் தனியாக எடுத்துவந்து கொடுத்தாள். அதைத் தின்ன முடியவில்லை. வாயில் மாவாக நின்றது.

அன்று தொடங்கிய பயம் ஐயா, இன்னும் விடவில்லை. ஜெயிலை நினைத்துப் பயந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் பயந்தது உமாராணியின் கைகளை. நானும் பிராங்ளின் சாரும் அவள் வீட்டு வாசலில் நிற்போம். அவள் கை கூப்பிக்கொண்டு வருவாள். நான் சொல்வேன். அப்போது அந்த இரண்டு கைகளும் மெல்லப் பிரியும். அதற்குமேல் என்னால் நினைக்க முடிந்ததில்லை. சோற்றில் கை வைத்தால் அந்தக் கைகள் பிரிந்தன. மாரியம்மன் முன்னால் நின்றால் அம்மனின் கைகள் அப்படிப் பிரிவதுபோல் தெரிந்தது. வாசலில் ஜீப் வந்து நின்றால் காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பையன்கள் "சாமி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே தைரியம் இல்லை. மார்க்கெட்டில் பிராங்ளின் சார் எதிரே வந்தால், "தைரியமா இருங்க" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வளவு பயந்தேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

எத்தனையோ முறை உமாராணி வீட்டுப் பாதையில் நான் தனியாக நடந்தேன். பாதி வழியில் கால் நின்றுவிடும். அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் நான்தானே, அதையும் அவளிடமிருந்து பிடுங்குவது பாவம் இல்லையா என்று தோன்றும். அப்படி யோசித்துப் பார்த்தபோது, இதில் எல்லாருக்கும் நல்லது என்ன என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பிராங்ளின் சார் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் ஒரு விதவையின் மனம் இரண்டாம் முறை உடையும். அவர் திரும்பி வராமல் இருந்தால் உடையாது.

கோயம்புத்தூரிலிருந்து டயர்கள் வந்தன. நல்ல சரக்கு. நான்கில் இரண்டை முன்சக்கரத்துக்கு எடுத்து வைத்தேன். மற்ற இரண்டை என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். சுஜித்தின் சிநேகிதன் ஒருவனுடைய ஜீப்புக்குச் சும்மா மாட்டிவிட்டேன். அவன் அழுதுவிட்டான். நான் பேராசைக்காரன் இல்லை ஐயா. புதுச் சரக்கை ஒளித்து வைத்து விற்கிறவன் இல்லை.

பின்சக்கரத்துக்கு வேறு இரண்டு டயர் தேர்ந்தெடுத்தேன். பிராங்ளின் சார் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாரோ அதே கவனத்தோடு நானும் தேர்ந்தெடுத்தேன். அதே கம்பெனி, அதே அளவு, அதே பட்டன். முன்பு ஒரு ஓட்டல்காரருக்காக வரவழைத்து, அவர் வண்டியை விற்றுவிட்டதால் என்னிடம் தங்கிப்போனவை. ரோட்டையே பார்க்காதவை. ஆனால் காற்றடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில், தகரக் கூரையின் சூட்டில், வருஷக்கணக்காக நின்றிருந்தன. ரப்பருக்கும் உயிர் உண்டு. நின்ற இடத்திலேயே அது செத்துப்போகும். விளிம்பில் முடி போன்ற வெடிப்புகள் இருந்தன. கறுப்புப் பாலிஷ் அடித்ததும் மறைந்துவிட்டன. கட்டத்தைப் பார்த்தேன். யூனிஸ் பிறந்த வருஷம். அவளுக்கும் அவற்றுக்கும் ஒரே வயது.

முன்சக்கரத்தில் போடலாமா என்றும் யோசித்தேன். முன்னால் வெடித்தால் ஓட்டுகிறவர் கையில் ஒன்றும் நிற்காது. அது ரொம்பக் கொடுமை என்று பட்டது. அதனால் பின்னால் போட்டேன்.

குழந்தைக்குக் கடல் காட்டத்தானே போனார்கள், அது உனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, நினைப்பது வேறு. நான் அவளை நினைக்கவில்லை. நினைவு வருகிறபோதெல்லாம் அம்மன் பெயரைச் சொன்னேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் மலை குளிர்ந்த இடம். இங்கே அந்த டயர் இன்னும் வெகுகாலம் ஓடியிருக்கும். கீழே வெயிலில், பாரத்தோடு, வேகமாகப் போனால்தான் அதற்கு ஆபத்து. மலையைவிட்டு இறங்கியது அவர்கள். வெயில் அடித்தது சூரியன். அம்மன் நினைத்திருந்தால் ஒரு மழை பெய்திருக்கலாம். நான் என் பங்குக்கு இரண்டு டயர் மாட்டினேன், அவ்வளவுதான் என்று அப்போது எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

புறப்படுகிற அன்று காலை குட்டி ஊட்டையும் இழுத்துக்கொண்டே கடைக்கு வந்தார்கள். டயர்களைத் தனியாக டிஸ்கில், அதாவது சக்கரத்தின் இரும்பு வளையத்தில், ஏற்றித் தயாராக வைத்திருந்தேன். மாட்டிக்கொண்டிருக்கும்போதே யூனிஸ் வந்து பின்சக்கரத்தின் முன்னால் குந்தினாள். விரலால் சுற்றிலும் தடவினாள்.

"மாமா, இதுக்குப் பொறந்த நாளைக் காணோம்."

"உள்பக்கம் இருக்குது கண்ணு."

"ஏனுங்க மாமா? எப்பவும் வெளியதான வைப்பீங்க?"

"வெயில் படாம இருக்கட்டும்னு."

அவள் அதை ஒப்புக்கொண்டாள். குழந்தைகள் நாம் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள். லோயிஸ் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, கடல் தண்ணி ஒரு பாட்டில்ல புடிச்சுட்டு வாறோம். வேற என்ன வேணும்?" என்றார். "நீங்க நல்லபடியா வந்தாப் போதும்" என்றேன். அது என் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது.

பின்சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் குறைவாகவே அடித்தேன். "வளைவுல நல்லாப் புடிக்குமுங்க" என்றேன். பிராங்ளின் சார் சட்டைப் பையிலிருந்து தம்முடைய காற்று அளக்கும் கருவியை எடுத்தார். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் அவரே அளப்பார். அளந்தால் அளக்கட்டும், எல்லாம் வெளியே வந்துவிடட்டும் என்றுகூட ஒரு கணம் வேண்டிக்கொண்டேன். அவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அதை மறுபடி பைக்குள்ளேயே போட்டுவிட்டார். சொன்ன வார்த்தையை அவர் காப்பாற்றினார். இப்போது யோசித்தால், அவரைக் கொன்றது அந்த நல்ல குணம்தான்.

பிறகு மூன்று பேரும் கை கோத்து நின்று ஜெபம் செய்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அவர் போகிற வழியைக் காக்கச் சொன்னார். கடைசியில், "எங்க சங்கிலி அண்ணனுக்குத் தைரியத்தைக் குடுங்க ஆண்டவரே" என்றார்.

"எலுமிச்சம்பழம் எங்க மாமா?" என்றாள் யூனிஸ்.

"தீந்து போச்சு கண்ணு."

"குட்டி ஊட்டுக்கும் சேத்து ஆறு வேணும்னு நான் எண்ணி வெச்சிருந்தேன்."

"அடுத்த தடவை வெக்கலாம்."

பழம் இருந்தது ஐயா. அம்மன் படத்தின் கீழே கூடை நிறைய இருந்தது. அந்த வண்டிக்கு முன்னால் நின்று, போகிற உயிர் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று அம்மனிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அம்மனிடம் நான் பொய் சொன்னதில்லை. அது ஒன்றை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை.

யூனிஸ் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல் பேக்கரிக்கு ஓடிப்போய் ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கிவந்து கொடுத்தேன். பின்னிருக்கையில் அவள் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நானே குனிந்து இழுத்து மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். நீங்கள் இதை எழுத வேண்டும். அந்தப் பெல்ட்டை மாட்டியவன் நான்.

"வந்ததும் போலாமுங்க" என்று கையை ஆட்டினார் பிராங்ளின் சார். நீலத் திரை அசைந்துகொண்டே வளைவில் மறைந்தது.

மதியத்துக்குமேல் சுபுஹான் பாய் ஓடிவந்து சொன்னார். தாராபுரம் தாண்டி, நல்ல வெயிலில், பின்சக்கரம் ஒன்று வெடித்துக் குட்டி ஊடு ஒரு பக்கம் இழுத்து, வண்டியையும் புரட்டிவிட்டதாம். பிராங்ளின் சாரும் லோயிஸும் அங்கேயே போய்விட்டார்களாம். குழந்தை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறதாம். பாய் என் முன்னாலேயே தேம்பி அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் போனபிறகு கடையைச் சாத்திவிட்டு விளக்கேற்றினேன். பல நாளுக்குப் பிறகு அன்று எனக்குப் பசித்தது.

அடக்கத்துக்குப் போனேன். உமாராணியும் வந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கை கூப்பினாள். அந்தக் கைகள் சேர்ந்தேதான் இருந்தன. பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அன்றிலிருந்து கைகள் போய், ஒரு விரல் வந்தது. டயரைச் சுற்றித் தடவுகிற சின்ன விரல். கடையில் எந்த டயரைத் திருப்பினாலும் அதன் மறுபக்கத்தில் அந்த விரல் இருப்பதாகத் தோன்றும்.

அவள் கண் விழித்துவிட்டாள் என்று நேற்று நீங்கள் சொன்னபோது நான் அம்மனுக்கு நன்றி சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். என்ன நடந்தது என்று உங்கள் பெண் காவலர் கேட்டதற்கு, அவள் விபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "மாமா இந்தத் தடவை எலுமிச்சம்பழம் வெக்கல. பொறந்த நாளையும் உள்ள வெச்சுட்டாரு" என்று மட்டும் சொன்னாளாமே. அதைக் கேட்டுத்தானே டயரைத் திருப்பிப் பார்த்தீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை. அவளுக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை. தெரிந்தே தேர்ந்தெடுத்தேன், தெரிந்தே திருப்பி மாட்டினேன், தெரிந்தே காற்றைக் குறைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். உமாராணியிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் அங்கே இல்லாதபோது சொல்லுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நொறுங்கிய வண்டி நிற்கிற உங்கள் ஸ்டேஷன் வளாகத்தில், சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் கிடந்ததே, யார் வைத்தது என்று உங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் நான்தான். அவள் கண் விழிப்பதற்கு முன்னால், மேட்டுப்பாளையத்தில் பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். வளாகத்தில் ஒருவரும் இல்லை. வெறும் டிஸ்க் மட்டும் இருந்த அந்தப் பின்சக்கரத்துக்கும் சேர்த்து வண்டிக்கு நான்கு, நீலத் திரை தொங்கிக்கொண்டிருந்த குட்டி ஊட்டுக்கு இரண்டு வைத்தேன். வண்டி இனி நகராது. அதனால் ஒவ்வொரு பழத்தையும் என் உள்ளங்கையால் நானே அழுத்தி நசுக்கினேன். சத்தம் சரியாக வரும்வரை அழுத்தினேன். கையில் எங்கோ கீறல் இருந்திருக்கும், எரிந்தது. துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

யூனிஸிடம் மறக்காமல் சொல்லுங்கள், மாமா ஆறு பழமும் வைத்துவிட்டார் என்று. அந்தப் பிள்ளைக்கு நான் பட்டிருந்த கடன் அது ஒன்றுதான்.